தூக்காமல் வளர்த்த பிள்ளை

பெற்ற பிள்ளையைத் தூக்க ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்? இரண்டு கை வேண்டும், ஒரு பிள்ளை வேண்டும். அந்த பஸ் டிரைவரும் இப்படித்தான் வெகுளியாக நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாசலில் ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறாரே தவிர உள்ளே போய்ப் பழக்கமில்லை.

டாக்டர் சொன்ன தேதிக்கு வெகு முன்னாலேயே மகள் பிறந்துவிட்டாள்.

"உங்க பஸ்ல வர்றவங்களுக்கு இருக்கிற அவசரம்தான் மாமா இவளுக்கும். ஸ்டாப் வர்றதுக்குள்ள குதிச்சுட்டா" என்றாள் மச்சினி. மனைவியின் தங்கை. வாயைத் திறந்தால் கிண்டல்தான் வரும். அந்தக் கிண்டல் மட்டும் இல்லையென்றால் டிரைவர் அந்த நாட்களை அழுதே ஓட்டியிருப்பார். மனைவி, ஆபரேஷன் செய்த இடம் ஆறாமல் காய்ச்சல் கண்டு, மாடியில் ஒரு வார்டில் கிடந்தாள். காய்ச்சல் விடுகிறவரை குழந்தையின் பக்கமே வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குழந்தை கீழே, பச்சிளம் குழந்தைகள் பிரிவில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகல முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கினாள். இரண்டு பேருக்கும் நடுவில் டிரைவர் படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை தலைமை நர்ஸ் அவரைக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணு கண்டத்தைத் தாண்டிட்டா. மூச்சு தானா விடுறா. இனி வேண்டியது சூடும் எடையும்தான். கையைக் கழுவிட்டு, சட்டை பட்டனை அவுத்துவிட்டுட்டு உக்காருங்க. நெஞ்சு மேல படுக்க வெக்கிறேன். பெத்தவங்க உடம்புச் சூடு பட்டா இந்த மாதிரிப் பிள்ளைங்க மளமளன்னு தேறும்."

"நானா வெச்சுக்கணும்?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா?"

டிரைவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாவது பட்டனுக்குக் கை போனபோது, "நில்லுங்க! நில்லுங்க!" என்று ஒரு குரல் ஓடி வந்தது. நர்ஸ் வரம் கொடுத்தாலும் மையம் விட வேண்டுமே!

மையம் என்றால் பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு மேம்பாட்டு ஆய்வு மையம். குழந்தைகளின் பராமரிப்பை மேம்படுத்தவென்றே நிறுவப்பட்டது. முன்பு பெற்றவர்கள் உட்கார நாற்காலிகள் கிடந்த கூடத்தைத் தடுத்து, அதில் அலுவலகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர்ப்பலகை அங்கிருந்த எந்தக் கட்டிலையும் விட நீளம். ஓடி வந்தவர் மையத்தின் துணை ஆய்வாளர். கழுத்தில் எந்நேரமும் ஸ்டாப்வாட்ச் தொங்கும். அதனால் மச்சினி அவருக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்றே பெயர் வைத்துவிட்டாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"இந்தக் குழந்தையை நீங்க தூக்கக் கூடாது. இது ரெண்டாவது குழு" என்றார் ஸ்டாப்வாட்ச்.

"என்ன குழுங்க?"

"பெத்தவங்க நெஞ்சுல வெச்சுக்கிட்டா குழந்தைக்கு நல்லதான்னு ஆராய்ச்சி நடக்குது. முதல் குழுக் குழந்தைகளைத் தூக்குவாங்க. ரெண்டாவது குழுக் குழந்தைகளைத் தூக்க மாட்டாங்க. அப்புறம் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்போம். குலுக்கல்ல உங்களுக்கு ரெண்டாவது விழுந்திருக்கு. வாழ்த்துகள்."

"நல்லதுன்னு நர்ஸம்மாவே சொல்றாங்களே?"

"அவங்களுக்கு நல்லதுன்னு தெரியும். அது எவ்வளவு நல்லதுன்னு எங்களுக்குத் தெரியணும்."

"இதுக்கெல்லாம் நான் எப்பங்க சம்மதிச்சேன்?"

"உங்க மனைவியை ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போனப்ப கையெழுத்துப் போட்டீங்களே."

போட்டார்தான். அன்றைக்கு அவர் நின்ற நிலையில் பஸ்ஸையே எழுதித் தரச் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பார். பஸ் அவருடையது இல்லை என்பதால் தப்பித்தது.

"இதுலேர்ந்து விலகிக்கலாமா?"

"தாராளமா!" ஸ்டாப்வாட்சின் முகம் மலர்ந்தது. "விலகுற உரிமைதான் எங்க மையத்தோட உயிர்மூச்சு. அதுக்குன்னே தனியா விலகல் குழு வெச்சிருக்கோம். அவங்க கூடி முடிவெடுப்பாங்க."

"எப்பங்க கூடுவாங்க?"

"ஆய்வு முடிஞ்ச உடனே."

டிரைவர் மூன்றாவது பட்டனை மறுபடி போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் மாடிக்குப் போனார். மனைவி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னைக்குத் தூக்கலாம்னு நர்ஸ் சொன்னாங்களாமே, தூக்குனீங்களா?" என்றாள். காய்ச்சலில் கண் இடுங்கியிருந்தது, அதற்குள் ஒரு ஆசை மட்டும் முழித்துக்கொண்டிருந்தது. டிரைவருக்கு 'இல்லை' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"தூக்கினேன்."

"எப்படிங்க இருந்தா?"

"சூடா இருந்தா. இப்பத்தான் சுட்ட பன் மாதிரி."

அவள் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள். வெளியே வந்ததும் மச்சினி முறைத்தாள். "பொய் சொல்றதுன்னு ஆயிடுச்சு, பன்னோட நிறுத்திட்டீங்களே மாமா. ஒரு கேக்காவது சொல்லியிருக்கலாம்."

ஒரு பொய் சொன்னால் அதோடு விடுமா? தினமும் சாயங்காலம் அவள் கேட்டாள், தினமும் இவர் சொன்னார். சட்டைப் பட்டனைப் பிடித்து இழுத்தாள் என்றார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள் என்றார். சொல்லச் சொல்ல மனைவி தெளிந்தாள், டிரைவர் வாடினார். தன் பிள்ளையின் சூடு எப்படியிருக்கும் என்று தெரியாமலே அதைப் பற்றிக் கதை அளக்கிற கொடுமை எதிரிக்கும் வேண்டாம்.

இங்கே கீழே நடந்ததைக் கேளுங்கள். தூக்கப்படாத குழந்தை தூக்கப்படாமல் எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தானே ஆராய்ச்சி? அதற்கு அளக்க வேண்டும். அளப்பதற்குத் தூக்க வேண்டும்.

காலையில் ஸ்டாப்வாட்ச் குழந்தையைத் தூக்கி எடை பார்த்தார். அவர் பார்த்தது சரிதானா என்று இன்னொரு ஆய்வாளர் தூக்கிப் பார்த்தார். நீளம் அளக்க ஒருவர் தூக்கினார். சூடு அளக்கிறபோது குழந்தை நெளிந்தது, அளவு நிற்கவில்லை. ஸ்டாப்வாட்ச் தன் கோட்டைத் திறந்து, பனியனோடு சேர்த்து அவளைச் சாய்த்துக்கொண்டார். குழந்தை கப்சிப். அளவு சீராக நின்றது. அன்றிலிருந்து எல்லா அளவும் அப்படியே எடுப்பது என்று மையத்தில் முறையாக முடிவாயிற்று. அளப்பவர்கள் சரியாக அளக்கிறார்களா என்று பார்க்க மேற்பார்வையாளர் வந்தார், அவரும் ஒரு தடவை தூக்கினார். மேற்பார்வை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கத் தரக்குழு வந்தது. குழு என்றால் ஒருத்தரா, இரண்டு பேரா? கைமாறிக் கைமாறிக் குழந்தை பெட்டிக்குத் திரும்புவதற்குள் அடுத்த அளவுக்கு நேரமாகிவிடும்.

டிரைவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கதவைத் தட்டினார்.

"ஏங்க, தூக்கக் கூடாதுன்னீங்க. நீங்கல்லாம் தூக்குறீங்களே?"

ஸ்டாப்வாட்ச் நெஞ்சில் சாய்ந்திருந்த குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே பொறுமையாக விளக்கினார். "இது தூக்குறது இல்லீங்க, இடமாற்றம். பாசத்தோட எடுத்தாத்தான் எங்க விதிப்படி அது தூக்குறது. எங்களுக்குப் பாசம் கிடையாது. அதுக்குன்னு பயிற்சியே எடுத்திருக்கோம்." குழந்தை சிணுங்கியது. "ஓ ஓ ஓ... என் ராஜாத்திக்கு என்ன கோவம்... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். பிறகு டிரைவரைப் பார்த்து, "கதவைச் சாத்திட்டுப் போங்க, ரெண்டாவது குழுவுக்குப் பெத்தவங்க வாடை படக் கூடாது" என்றார்.

வயிறு எரிந்தது டிரைவருக்கு. எரியாதா?

படிக்கட்டில் தையல்காரரைப் பார்த்தார். அவருடைய மகனும் முந்திப் பிறந்தவன்தான், பக்கத்துப் பெட்டி. முதல் குழு.

"நீங்க குடுத்து வெச்சவரு. ஆசை தீர தூக்கிட்டு இருப்பீங்க" என்றார் டிரைவர்.

"யாரு, நானா?" தையல்காரர் சட்டையை விலக்கிக் காட்டினார். நெஞ்சில் இடப் பக்கம் மழமழவென்று இருந்தது, வலப் பக்கம் காடாக இருந்தது. "நெஞ்சுல முடி இருந்தா குழந்தைக்கு உறுத்தும், எடுத்துடுங்கன்னு ஒரு கமிட்டி சொல்லிச்சு. பாதி எடுக்கிறப்ப, முடி இயற்கை, அது இருந்தாத்தான் ஆய்வு செல்லும்னு இன்னொரு கமிட்டி ஓடி வந்துச்சு. அப்படியே நிறுத்திட்டாங்க. ரெண்டு கமிட்டியும் பேசிட்டு இருக்கு."

"அதுவரைக்கும்?"

"பொம்மை! முறைப்படி தூக்கப் பழகணுமாம். பொம்மையை வெச்சுக்கிட்டு சாய்வா உக்காரணும், கோணம் தப்பினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கடைசி நாள் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. பொம்மையோட சட்டையில கைத் தையல் கோணலா இருந்துச்சுங்க. கண்ணால பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? பிரிச்சுட்டேன். மையத்துப் பொருளைச் சேதப்படுத்திட்டேன்னு தேர்வுல ஃபெயில் போட்டுட்டாங்க. இப்ப திரும்பவும் முதல் பாடம்." பெருமூச்சு விட்டார். "என் பையனுக்கு அப்பன் இன்னும் வந்து சேரல. அந்தப் பொம்மைக்குத்தான் நான் அப்பன்."

இதுதான் நிலவரம். தூக்க வேண்டிய குழுவை, பெற்றவர்கள் தூக்க ஆரம்பித்த பிறகுதான் அளப்பது என்று விதி; அதனால் மையத்தில் ஒருத்தரும் தொடவில்லை. தூக்கக் கூடாத குழு நாள் முழுக்க யாராவது ஒருவரின் நெஞ்சில் கிடந்தது. மூளையுள்ளவன் ஒருத்தன் உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு கச்சிதமாகத் தலைகீழாக்க முடியாது. அதற்கு ஒரு மையம் வேண்டும்.

தலைமை நர்ஸ் சும்மா இருக்கிறவர் இல்லை. மையத்தின் தலைவர் வந்த அன்று நேராகவே கேட்டுவிட்டார். "சார், தூக்காத குழுவைத்தான் நீங்கள்லாம் நாள் பூரா மாத்தி மாத்தி மார்ல வெச்சிருக்கீங்க. தூக்குற குழு பெட்டிக்குள்ளயே கிடக்குது. நான்தான் இடையில எடுத்து எடுத்து வெச்சுப் பாத்துக்கிறேன்."

தலைவர் புன்னகைத்தார். நரைத்த தலை, பட்டுப்போன்ற குரல். "உங்கள் கருத்தை வரவேற்கிறேன், சிஸ்டர். ஆனால் அது நீங்கள் கண்ணால் பார்த்தது. எங்களுக்கு ஆதாரம் வேண்டும்."

டிரைவரின் மகளோ நாளொரு மேனியாக வளர்ந்தாள். கன்னம் உப்பியது, தொடையில் மடிப்பு விழுந்தது. 'தூக்கப்படாத குழந்தை' என்று ஊரெல்லாம் பேச்சு. வெளியூர் நிபுணர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் தூக்கப்படாத குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு போட்டோவில் ஓரமாக டிரைவரின் தோள் விழுந்துவிட்டது.

"நீங்க யாரு?" என்றார் போட்டோக்காரர்.

"அப்பாங்க."

"அப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஆராய்ச்சி கெட்டுடப்போகுது."

கடைசியில் முடிவு அறிவிக்கிற நாள் வந்தது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் மேடை, மாலை, மைக். மனைவிக்கு அன்று காய்ச்சல் விட்டிருந்தது, மறுநாள் காலை கீழே வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரைவருக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. அவள் வந்து, "எங்கே, எப்படித் தூக்குவீங்க, காட்டுங்க" என்று கேட்டால் என்ன செய்வது? பின்வரிசையில் மச்சினிக்குப் பக்கத்தில் முழி பிதுங்க உட்கார்ந்திருந்தார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! இந்த ஆய்வைத் தொடங்கும்போதே அதன் முடிவு எங்களுக்குத் தெரியும். அந்த முடிவு தவறு என்பதை இப்போது பெருமையுடன் அறிவிக்கிறேன்." கைதட்டல். "தூக்கும் குழுவில் இருந்த குழந்தைகள் எதிர்பார்த்த அளவு தேறவில்லை. அவர்களுடைய பெற்றோர் யாருமே இன்னும் பயிற்சியை முடிக்கவில்லை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். அது காரணமாக இருக்கவே முடியாது. ஏனென்றால் அதை நாங்கள் அளக்கவில்லை. தூக்கப்படாத குழந்தைகளைப் பாருங்கள்! கொழுகொழுவென்று இருக்கிறார்கள். ஆகவே, தூக்காமையே மருந்து!"

"அடப் பாவி!" என்றாள் மச்சினி. நல்லவேளை, கைதட்டலில் அது அமுங்கிப்போனது.

"தூக்காமை என்றால் சும்மா விட்டுவிடுவது என்று எண்ணிவிடாதீர்கள்" என்று தலைவர் விரலை உயர்த்தினார். "சும்மா விட யாராலும் முடியும். முறையான தூக்காமைக்கு ஓயாத உழைப்பு வேண்டும். குழந்தையைக் காலையில் எடுக்க வேண்டும், நெஞ்சோடு சாய்க்க வேண்டும், முதுகைத் தட்ட வேண்டும், சிணுங்கினால் பேச்சுக் கொடுக்க வேண்டும். ஒரு கை ஓய்ந்தால் மறுகை தயாராக இருக்க வேண்டும். இவ்வளவும் செய்தால்தான் ஒரு குழந்தை தூக்கப்படாமல் இருக்கும்! நாளை முதல் இந்தப் பிரிவிலுள்ள அத்தனை குழந்தைகளுக்கும் முறையான தூக்காமை வழங்கப்படும்!"

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. ஒருவர் மட்டும் தட்டவில்லை. ஸ்டாப்வாட்ச். அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டிருந்தது. வலது கையைத் துணியால் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு குழுவைத் தூக்காமல் இருந்ததற்கே இந்தக் கதி. அத்தனை குழந்தைகளையும் தூக்காமல் இருக்க ஆளுக்கு எங்கே போவது?

மேடையிலேயே அவசரக் கூட்டம் போட்டார்கள். கேள்வி இதுதான்: சம்பளம் கேட்காமல், வீட்டுக்கும் போகாமல், எந்நேரமும் வராந்தாவில் சும்மா நிற்கிற ஆட்கள் யாராவது உண்டா? தலைவர் தாடையைத் தடவிக்கொண்டே கூடத்தைப் பார்த்தார். பின்வரிசையில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்படித்தான் 'தூக்காமைத் தன்னார்வலர்' என்ற பதவி பிறந்தது. ஒரே ஒரு தகுதிதான் வேண்டும்: பாசம் இருக்கக் கூடாது. அங்கேயே நேர்காணல். டிரைவர் இடித்துப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றார். தன் பஸ்ஸில் அப்படி ஏறுகிறவர்களை அவர் திட்டாத நாளில்லை.

"இந்தக் குழந்தை மேல உங்களுக்குப் பாசம் உண்டா?" என்றார் ஸ்டாப்வாட்ச்.

டிரைவரின் வாய் திறந்தது. உண்மை வெளியே வந்துவிடும் போலிருந்தது. மச்சினி பின்னாலிருந்து இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"இல்லீங்க. துளிகூடக் கிடையாது" என்றார். சொல்லும்போதே இரண்டு கண்ணிலும் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"ஏன் அழுறீங்க?"

"கிள்ளிட்டாங்க."

ஸ்டாப்வாட்சுக்கு அது நியாயமாகப் பட்டது. தேர்வு செய்துவிட்டார். அடுத்து வந்த தையல்காரர், "பாசமா? எனக்கு அந்தப் பொம்மை மேலதாங்க" என்று சொல்லி ஒரே மூச்சில் தேறினார்.

மறுநாள் காலை டிரைவர் கையைக் கழுவினார். நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை எல்லாப் பட்டனும் கழன்றது. தலைமை நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து அவர் நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்தினார்.

பன்னுமில்லை, கேக்குமில்லை. இத்தனை நாள் சொன்ன எதுவும் பக்கத்தில்கூட வரவில்லை. அவள் மூச்சு விடுவது அவருடைய தோலுக்கே தெரிந்தது. விரல் ஒன்று விரிந்து, அவர் நெஞ்சில் எதையோ தேடி, பிறகு அங்கேயே இருக்கட்டும் என்று தங்கிவிட்டது. டிரைவருக்கு மூச்சு விடவே பயம். தோள் இரண்டும் காது வரை ஏறி நின்றன.

தள்ளுநாற்காலி சத்தம் கேட்டது. மச்சினி அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுதான் முதல் தடவையா?" என்றாள்.

டிரைவர் தலையை ஆட்டினார். "மன்னிச்சுக்கோ. அத்தனையும் பொய்தான் சொன்னேன். தூக்கவே விடலை."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்." அவள் சிரித்தாள், கண் நிறைந்திருந்தது. "நிஜமாவே தூக்கியிருந்தா, இவளை விட்டுட்டு மேல வந்து என்கிட்ட சொல்லிட்டு இருந்திருப்பீங்களா?"

அவள் கை நீட்டிக் குழந்தையின் முதுகில் வைத்தாள். டிரைவரின் தோள் மெல்லக் கீழே இறங்கியது. மச்சினி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படியே எவ்வளவு நேரம் போனதோ. ஸ்டாப்வாட்ச் ஒரு கை கழுத்துத் துணியில் தொங்க, மறுகையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"நேரம் ஆயிடுச்சுங்க. குழந்தையை எப்ப இறக்குவீங்க?"

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆஸ்பத்திரிக்குள் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்திருந்தது.

"எப்படிங்க இறக்குறது?" என்றார் ரொம்ப மரியாதையாக. "நான்தான் தூக்கவே இல்லையே."